நிரம்பாதது வேறு, இல்லாதது வேறு

செம்மறி ஆட்டைப் போல நல்ல நோயாளி கிடையாது. வைத்த இடத்தில் நிற்கும். போட்டதைத் தின்னும். காலில் கட்டுப் போட்டிருக்கிறதே என்று ஊரைக் கூட்டி அனுதாபம் தேடாது. முக்கியமாக, சிகரெட் பிடிக்காது.

தண்ணீர் வைத்ததற்கு நன்றி. பிஸ்கட் வேண்டாம். விசாரிக்க வந்த நீங்கள் இருவரும் மருத்துவர்கள் இல்லை என்று சொன்னீர்கள். அதனால் என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் மற்றது தானாகப் புரியும்.

எலும்பைக் கல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், படித்தவர்கள்கூட. எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். உயிருள்ள எலும்புக்குள் தலைமயிரைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. விபத்தில் காலெலும்பு ஒரு சாண் நொறுங்கிப்போனால், அந்த இடைவெளிக்கு நாங்கள் ஒட்டு எலும்பு செய்கிறோம். அச்சு இயந்திரத்தில், துளைத்துளையாக, அந்த ஆளின் அளவுக்கே. அதை வைத்துத் திருகாணி முடுக்குவது பெரிய வித்தை இல்லை. இரண்டு பக்கத்து எலும்பிலிருந்தும் ரத்தக் குழாய்கள் அதற்குள் வேர் விட வேண்டும். விட்டால் அது எலும்பு. விடாவிட்டால் காலுக்குள் கிடக்கும் ஓட்டாஞ்சில்லு, என்றைக்காவது சீழ் பிடிக்கும். வேர் விட்டதா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறவள் நான். மெல்பர்னில் இதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் சிலர்தான், அவர்களில் பாதிப் பேருக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

ஆட்டில் பார்ப்பது சுலபம். மயக்கத்திலேயே ஆட்டை முடித்துவிட்டு, ரத்தத்தை உப்புத் தண்ணீரால் கழுவி எடுத்துவிட்டு, குழாய்களுக்குள் மஞ்சள் ரப்பர் பாலை ஏற்றுவோம். அது உறைந்ததும் காலை அமிலத்தில் போட்டுவைப்போம். எலும்பின் சுண்ணாம்பெல்லாம் கரைந்துபோகும். பிறகு ஸ்கேன் எடுத்தால் ரப்பர் மட்டும் தெரியும், கிளையும் கொப்புமாக ஒரு சின்ன மரம். எலும்பும் ரப்பரும் ஸ்கேனில் ஒரே வெள்ளையாகத் தெரிவதால், ரத்தக் குழாயைப் பார்க்க வேண்டுமென்றால் எலும்பை ஒழித்தாக வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ரப்பர் பால் சில சமயம் கடைசி வரை போகாது. ஒரு சின்ன ரத்தக்கட்டி போதும், அல்லது ஏற்றுகிற கை கொஞ்சம் தளர்ந்தால் போதும். படத்தில் அந்த இடம் காலியாக இருக்கும். குழாயே இல்லாததால் காலியா, குழாய் இருந்தும் நிரம்பாததால் காலியா? பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்வேன்: நிரம்பாதது வேறு, இல்லாதது வேறு. யார் காலிப் படத்தைக் கொண்டுவந்தாலும் "நிரம்பிச்சா?" என்றுதான் கேட்பேன். கேட்டுக் கேட்டு அதுவே பட்டப்பெயராகிவிட்டது. எங்கள் எலும்பு அறுவை மருத்துவர் ரஸ்ஸல் பென்ஹால் வைத்த பெயர். காலைத் தேநீருக்கு நான் கெட்டில் பக்கம் போனாலே, "வழி விடுங்கப்பா, நிரம்பிச்சா ஜூட் வந்துட்டா. தண்ணி இல்லையா, நிரம்பலையான்னு விசாரணை வெப்பா," என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் தொழிலில் இதைவிட நல்ல பெயர் வேண்டியதில்லை.

இன்னொன்று. என் வாழ்நாளில் ஒரு படத்தைக்கூட நான் திருத்தியதில்லை. வெளிச்சத்தைக் கூட்டியதில்லை, வேண்டாத மூலையை வெட்டியதில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஆடுகளோடு பத்து வருடத்துக்கு மேல் மாரடித்த பிறகுதான் மனிதர்களுக்கு வைக்க அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியைத் தருகிற நெறிக் குழு இரண்டு விதிகள் போட்டது. சிகரெட் ரத்தக் குழாயைச் சுருக்கும், ஆகவே புகைக்காதவர்களுக்கு மட்டுமே ஒட்டு. புகைக்காத ஒருவருக்கு ஒட்டு தோற்றுக் காலை எடுக்க நேர்ந்தால், திட்டமே அத்தோடு நிறுத்தம். இடையில் திருட்டுத்தனமாகப் புகைத்தவர் என்று தெரிந்தால், அவருக்கு வைத்தியம் தொடரும், ஆனால் கணக்கில் சேரமாட்டார்.

முதலில் வந்தவன் கூரை வேலை செய்கிற வாலிபன். விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்தான். பிறகு பார்த்தால் கழிப்பறையில் உட்கார்ந்து ஊதியிருக்கிறான். ஒட்டு செத்தது, கால் போனது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் பத்து வருடத்தைக் கழிப்பறையில் உட்கார்ந்து ஊதித் தள்ளிவிட்டானே என்று. அவன் கால் போனதில் எனக்குத் துளி வருத்தம் இல்லை, இப்போதும் இல்லை. ரஸ்ஸல்தான் என்னைத் தேற்றினார்.

"விடு ஜூட். புகைச்சவன் கணக்குல வரமாட்டான். நம்ம தலை தப்பிச்சுது."

அந்த வாக்கியம் என் மனத்தில் தங்கிவிட்டது.

இரண்டாவது ஆள் க்ளெம் வார்பர்டன். நேற்று நீங்கள் பார்த்தீர்களே, அவர்தான். பல்லாரட் பக்கத்தில் குதிரைகளுக்கு லாடம் அடிக்கிறவர். ஒரு பெண்குதிரை உதைத்துக் கால் நொறுங்கி, அழுக்கேறி, வெட்டி வெட்டி ஒரு சாண் எலும்பு போயிருந்தது. முதல் நாள் அவர் மனைவி நெரிடாவும் கூட வந்திருந்தாள். குதிரை எதற்காக உதைத்தது என்று ஏதோ பேச்சுக்குக் கேட்டுவைத்தேன்.

"கேக்கலை அம்மணி. பொம்பளை கோவமா இருக்கறப்போ காரணம் கேக்கக் கூடாதுன்னு கல்யாணமான புதுசுலயே கத்துக்கிட்டேன்."

"இந்த மனுஷன் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்," என்றாள் நெரிடா.

சட்டைப் பையில் ஒரு தகர டப்பாவில் பெப்பர்மின்ட் மிட்டாய் வைத்திருந்தார். குதிரைகளுக்குக் கொடுக்க வாங்குவது. மீசை முளைக்கும் முன்பே பிடித்த சிகரெட்டை இந்தக் காலுக்காக விட்டுவிட்டு, அந்த மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தார். "குதிரைங்க கிட்டேருந்து திருடித் தின்னுறேன். அதுங்களுக்குத் தெரிஞ்சா இந்தக் காலும் போச்சு," என்று நல்ல காலைத் தட்டிக் காட்டினார்.

"சிரிக்காதீங்க டாக்டர். எங்கண்ணன் நுரையீரல் போய், மூக்குல குழாயோட ரெண்டு வருஷம் கிடந்து செத்தான். இன்னொரு ஆளை நான் அப்படிப் பாக்கமாட்டேன். ஒண்ணு பிடிச்சான்னு தெரிஞ்சாலும் பெட்டியைக் கட்டிடுவேன்," என்றாள் நெரிடா.

"கட்டிடுவா. சொன்னா செய்வா. பயமே அதான்," என்றார் க்ளெம், பெருமையாக.

அவருக்கு அந்தக் கால் வேண்டியிருந்தது. யாருக்குத்தான் வேண்டாம், ஆனால் அவருக்குப் பிழைப்பே அதுதான். குதிரையின் குளம்பை இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொண்டுதான் லாடம் அடிக்க வேண்டுமாம். "செயற்கைக் காலால இடுக்கினா குதிரை சிரிக்கும் அம்மணி. சிரிச்ச குதிரை கூலி குடுக்காது."

அறுவை முடிந்து வந்த ரஸ்ஸல் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அந்தக் கால்ல ரத்தம் போற மூணு ரோட்டுல ஒண்ணைக் குதிரை அடைச்சிட்டுது. இப்போ சுத்து வழியாத்தான் போகுது. ஆனா போகுது." சரி என்றேன். காதில் வாங்கிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து ஸ்கேன். உயிருள்ள மனிதனுக்கு ரப்பர் பாலும் ஏற்ற முடியாது, அமிலத்திலும் போட முடியாது. கையில் ஊசி வழியாகச் சாயம் ஏற்றி, அது காலுக்கு வந்து சேரும் நேரத்தில் படம் எடுக்க வேண்டும். சாயத்தையும் எலும்பையும் பிரித்துக் காட்டும் புது இயந்திரம் எங்களிடம் இருக்கிறது. சாயம் ஏற்றிய பிறகு எவ்வளவு காத்திருப்பது என்று சொல்கிறவள் நான்.

அன்று காலை ரஸ்ஸல் என்னை நடைபாதையில் நிறுத்தினார். க்ளெம்முக்கு அடுத்து, புற்றுநோயில் எலும்பு போன ஒரு சிறுமி வரிசையில் இருக்கிறாள் என்றார். வெளிநாட்டு மாநாட்டில் நம் வெற்றியைப் பேச ஒப்புக்கொண்டுவிட்டேன் என்றார். எந்த வெற்றி? படமே இன்னும் எடுக்கவில்லை. பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் வைக்கிற ஆள் அவர். அந்த எரிச்சலோடுதான் ஸ்கேன் அறைக்குள் போனேன், வழக்கமாக வைக்கிற நேரத்தை வைத்தேன், படத்தை எடுத்தேன்.

ஒட்டின் இரண்டு முனையிலும் வேர் தெரிந்தது. நடுவில் ஒன்றுமில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது போல இருட்டு.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. புகைக்காத மனிதர், சொன்னதெல்லாம் கேட்ட மனிதர், அவருக்கே ஒட்டு சாகிறது. அப்படியென்றால் திட்டம் முடிந்தது. நெறிக் குழுவில் எலும்பைக் கல் என்று நினைக்கிறவர்கள் தலையை ஆட்டிக் கதவைச் சாத்துவார்கள். ஒரு குதிரையின் உதையில் என் ஆயுசு உழைப்பு போய்விடும். அந்தச் சிறுமியின் கால் போய்விடும். அவள் பெயரா? தெரியாது. கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் நான் நிதானமாக யோசித்தேன். க்ளெம்மின் ஒட்டு செத்தாயிற்று. காலும் போகத்தான் போகிறது, இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த மாதம். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? போகப் போகிற கால் ஒன்றுதான். அது எந்தக் கணக்கில் போகிறது என்பது மட்டும்தான் என் கையில் இருந்தது.

படத்தை மாற்றி எழுதியிருக்கலாம். அது என்னால் முடியாது, அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. அதனால் அறிக்கையில் இப்படி எழுதினேன்: "சாயம் நடுப்பகுதியில் நிரம்பவில்லை. குழாய்கள் உள்ளனவா என்று இப்போது சொல்ல இயலாது. சில வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்." நேரம் சம்பாதிக்க எழுதியது. என் தொழிலில் நான் எழுதிய ஒரே பொய் அதுதான். ரஸ்ஸல் படித்துவிட்டு, "பாத்தியா, நிரம்பிச்சா ஜூட் நம்பிக்கையை விடமாட்டா," என்று முதுகில் தட்டிவிட்டு மாநாட்டுக்குப் போனார்.

நான் சிகரெட் பிடிக்கக் கற்றுக்கொண்டது அந்த வாரத்தில்தான். ஐம்பத்தோரு வயதில். வீட்டுப் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் நின்று பழகினேன். முதல் நாள் வாந்தி எடுத்தேன். போகப் போகப் பழகியது. கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்த பெட்டியில் அழுகிய காலின் படம் போட்டிருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்து, கண்ணின் படம் போட்ட பெட்டியாகக் கேட்டு வாங்கினேன். க்ளெம் பார்த்தால் மனம் கஷ்டப்படுமே என்றுதான். நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

மருத்துவமனை வளாகத்துக்குள் புகைக்கக் கூடாது. அதனால் புகைக்கிறவர்கள் வாசல் தாண்டி, ட்ராம் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து ஊதுவார்கள், மருந்துப் பை தொங்கும் கம்பியை உருட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. க்ளெம் மதியம் தோறும் சக்கர நாற்காலியில் அங்கே போய் வெயில் காய்வார். நெரிடா பல்லாரட்டில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறாள், சனிக்கிழமைதான் வருவாள். மற்ற நாளெல்லாம் அந்த மனிதருக்குப் பேச ஆள் கிடையாது.

நான் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பற்றவைத்தேன்.

"அடிப்பாவி, நீயுமா? எலும்பு பாக்கற டாக்டரம்மாவே ஊதுறியா?"

"பழைய பழக்கம்," என்றேன். அதுவும் பொய்தான், ஆனால் அது படத்தைப் பற்றியது இல்லை.

"மூஞ்சியை இந்தப் பக்கம் திருப்பி ஊது அம்மணி. மூக்குக்கு யாரும் டெஸ்ட் வெக்கலையே."

தினமும் போனேன். குதிரைகளைப் பற்றிப் பேசுவார். எந்தக் குதிரை எந்தக் காலைத் தர மறுக்கும், எதற்கு முதுகில் தட்டினால் பிடிக்கும், எதன் சொந்தக்காரனைத்தான் உதைக்க வேண்டும் என்று. நான் நன்றாகச் சிரிப்பேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியைப் பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைப்பேன். எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவராகத்தான் கேட்டார்.

"ஒண்ணு குடு அம்மணி. ஒண்ணே ஒண்ணு."

"நெரிடா?" என்று கேட்டேன். கேட்டேனா இல்லையா என்று அவரிடமே கேளுங்கள்.

பிறகு என்ன சொன்னேன் என்று மறுபடி கேட்கிறீர்கள். சரி. அவர் கை நீட்டிவிட்டுப் பின்வாங்கினார். டப்பாவைத் திறந்து மிட்டாயைத் தேடினார். டப்பா காலியாக இருந்தது. "வேணாம். கால் கெட்டுப்போகும்னு சொன்னாங்களே," என்றார். அப்போது சொன்னேன்.

"ஒண்ணு ஒண்ணும் பண்ணாது க்ளெம். உங்க எலும்பை உள்ள பாத்தவ நான் சொல்றேன்."

அவர் என்னை நம்பினார். ஏன் நம்பமாட்டார்? அவர் எலும்பை உள்ளே பார்த்தவள் நான் ஒருத்திதான். தீக்குச்சியை நான்தான் கிழித்தேன், காற்று பலமாக இருந்தது. முதல் இழுப்பில் கண்ணை மூடிக்கொண்டு, "ஐயோ தெய்வமே," என்றார். எனக்கு அந்த நிமிடம் அவர்மேல் வந்த கோபம் உங்களுக்குப் புரியாது. இவ்வளவுதானா என்று இருந்தது. மாதக்கணக்கில் கட்டிக் காத்ததை ஒரு வாய்ச் சொல்லுக்கு விட்டுவிட்டாரே என்று.

அதன் பிறகு ஒன்று இரண்டாயிற்று, இரண்டு ஒரு பெட்டியாயிற்று. சக்கர நாற்காலியின் பக்கப் பையில் நானே வைத்துவிட்டுப் போவேன். வெள்ளிக்கிழமை மறக்காமல் ஒரு டப்பா பெப்பர்மின்ட்டும் வாங்கி வைப்பேன். சனிக்கிழமை நெரிடா வருவாளே.

நன்றாகப் பழகிவிட்டார் என்று தெரிந்ததும், திட்டத்தின் நர்ஸிடம் போய், "க்ளெம் கிட்ட புகை வாசனை வருது. சிறுநீர் டெஸ்டை இப்பவே எடுத்துடுங்க," என்றேன். ஆமாம், அவரைக் காட்டிக்கொடுத்ததும் நான்தான். வேறு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவரை எல்லாருக்கும் அவ்வளவு பிடித்திருந்தது.

சோதனையில் தெரிந்துவிட்டது. அவர் பெயரைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். அந்தச் சனிக்கிழமை நெரிடாவிடம் அவரே சொன்னார். நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"எனக்காகவா விடச் சொன்னேன்? உன் காலுக்குத்தானே கிழவா," என்றாள். கொண்டுவந்த ஆப்பிள் கேக்கை மேசைமேல் வைத்தாள். கோட்டை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டாள். சொன்னால் செய்கிறவள்.

அதற்கடுத்த வாரம் காய்ச்சல், பிறகு சீழ். இரண்டாவது ஸ்கேனுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ரஸ்ஸல் முட்டிக்கு மேலே எடுத்தார். நான் பார்க்கப் போனபோது க்ளெம் போர்வையின் தட்டையான பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கண் நிறைந்துவிட்டது.

"மன்னிச்சிடு அம்மணி. உன் பத்து வருஷத்தை நான் ஊதித் தள்ளிட்டேன்."

"பரவாயில்லை க்ளெம்," என்றேன்.

"யார் குடுத்தான்னு கேட்டாங்க. சொல்லலை. உன் வேலைக்கு உலை வெச்சிடுவாங்க. கூட உக்காந்தவளைக் காட்டிக் குடுக்கறவன் மனுஷனே இல்லை."

ஆராய்ச்சிக்குத் தன் காலையும் எழுதிக் கொடுத்துவிட்டார். "நல்லாப் பாத்துக்க. வேணும்னா ஒரு லாடம் அடிச்சுத் தரேன், அதிர்ஷ்டத்துக்கு," என்றார். சிரிக்க முயன்றார்.

காலை நான் நல்லபடியாகப் பார்த்துக்கொண்டேன். ஆட்டுக்குச் செய்வது போலவே கழுவி, மஞ்சள் ரப்பர் பால் ஏற்றி, அமிலத்தில் வைத்தேன். செத்த ஒட்டு உள்ளே எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டால் அடுத்த ஒட்டை இன்னும் நன்றாகச் செய்யலாம் என்று நினைத்தேன். எலும்பின் சுண்ணாம்பு கரைந்தது. அதன் பிறகுதான் ஸ்கேன் எடுத்துத் திரையில் பார்த்தேன்.

மரம் இருந்தது.

மேல் முனையிலிருந்தும் கீழ் முனையிலிருந்தும் அடிமரங்கள் கிளம்பி, நட்டநடுவில் ஒன்றையொன்று எட்டித் தொட்டிருந்தன. கொப்புகளெல்லாம் பாதியில் அறுந்திருந்தன, புகை கொண்டுவந்த புது ரத்தக்கட்டிகள் அடைத்திருந்தன. மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தேன். குழாய்ச் சுவர்கள் தடித்திருந்தன. ரத்தக் குழாயின் சுவர் தடிக்கப் பல மாதம் ஆகும். அப்படியானால் நான் முதல் ஸ்கேன் எடுத்த அன்றே அவை அங்கே இருந்தன. ரத்தம் சுற்று வழியாகத்தான் வருகிறது என்று ரஸ்ஸல் சொல்லியிருந்தார். சாயமும் அந்த வழியாகத் தாமதமாகத்தான் வந்திருக்கும். ரயில் வரும் முன்னே தண்டவாளத்தைப் படம் பிடித்துவிட்டு இந்த ஊருக்கு ரயிலே கிடையாது என்றால் எப்படி, அப்படித்தான் ஆகியிருந்தது. பொய் என்று நினைத்துக்கொண்டு நான் எழுதிய அறிக்கை ஒன்றுதான் அந்தக் காலைப் பற்றிய உண்மை. க்ளெம்முக்கு ஒட்டு பிடித்திருந்தது. நடந்திருப்பார்.

பின்னால் ரஸ்ஸல் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. மரத்தைப் பார்த்தார், சீவலைப் பார்த்தார். முதல் ஸ்கேனில் சாயத்துக்கு நான் காத்திருந்த நேரத்தைத் திரையில் எடுத்துப் பார்த்தார். அவர் குரலில் கேலி இல்லை.

"அன்னிக்கு நிரம்பிச்சா, ஜூட்?"

எனக்கு மறுபடியும் கோபம்தான் வந்தது. அந்தக் குதிரைமேல். முதுகில் தட்டிவிட்டு விமானம் ஏறிய இந்த மனிதர்மேல். ஒண்ணே ஒண்ணு என்று கை நீட்டியவர்மேல்.

ரஸ்ஸலுக்கு அப்போது நேரத் தவறு மட்டும்தான் தெரியும். மற்றதைக் கிளப்பியது நெரிடா. போன மாதம் அவள் எங்கள் நடைபாதையில் நின்று போட்ட சத்தம் மாடி வரை கேட்டது.

"கக்கூசுக்கே தனியா போகத் தெரியாத மனுஷன், கடைக்கு எப்படிய்யா போனான்? காசு வெக்கற பையும் எங்கிட்ட, கார்டும் எங்கிட்ட. எவ வாங்கிக் குடுத்தா? எவனாவது சொல்லுங்கடா!"

யாருக்கும் தெரியாது. நீங்கள் நேற்று க்ளெம்மை இதே நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டதும் தெரியும். யார் கொடுத்தார்கள் என்றதற்கு "குதிரை" என்றாராம். மீண்டும் கேட்டதற்கு, "சொல்லமாட்டேன்னு ஒத்தைக் கால்ல நிக்கறேன். வேற கால் இல்லையே," என்றாராம். உங்கள் தட்டச்சுப் பெண் சிரித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

நெரிடா அவரிடம் திரும்பி வந்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

ஆக, கேட்டதற்கெல்லாம் சொல்லிவிட்டேன். வாங்கியது நான். பற்றவைத்தது நான். ஒன்றும் ஆகாது என்று சொன்னது நான். காட்டிக்கொடுத்தது நான். நல்ல காலைக் கெட்ட கால் என்று படித்ததும் நான். திட்டம் நிற்கவில்லை, அந்தச் சிறுமிக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது, அதையும் நீங்கள் ஓரமாகவாவது குறித்துக்கொள்ள வேண்டும். என் பெயரில் வந்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், ஒரு புள்ளிகூடத் திருத்தியிருக்காது. க்ளெம்மின் கோப்பில் இருப்பதும் அத்தனையும் உண்மை. அவர் புகைத்தார் என்று எழுதியிருக்கிறது, அவர் புகைத்தார்.

நான் பெட்டியை நீட்டினேன், அவ்வளவுதான். ஆடாக இருந்திருந்தால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும்.